நாவலடிக் கிணறு

மட்டக்களப்புக்குச் செல்வோர் கல்லடிப் பாலத்தைக் காணாது திரும்புவதில்லை. 1924ஆம் ஆண்டிலே கட்டப்பெற்ற பழைய இரும்புப் பாலமும், 2013இல் திறக்கப்பெற்ற புதிய பாலமும் இன்று அருகருகே நிற்கின்றன. நகரிலிருந்து வந்து பாலத்தைக் கடந்து இடப்புறம் திரும்பினால், ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலுமாக ஒடுங்கிய மணற்றிடல் ஒன்று முகத்துவாரம் வரை நீண்டு செல்லும். அத்திடலிலே உள்ள ஊர்தான் நாவலடி. வாவியின் பாடும் மீன்களைப் பற்றி எழுதுவோர் பலர் உளர். நாம் எழுதப் புகுந்தது ஒரு கிணற்றைப் பற்றி.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை இத்தீவிலே முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. நாவலடியோ கடலுக்கும் வாவிக்கும் இடையே அகப்பட்டு, ஏறக்குறைய முழுதுமே அழிந்தது. நாம் அப்பொழுது பேராதனையிலே பட்டம் பெற்று, வேலைக்குக் காத்திருந்தோம். உடன் கற்ற கிறிஸ்தவ நண்பர் ஒருவர், "எங்கள் சபை இளைஞர்கள் மட்டக்களப்புக்குத் தொண்டுக்குப் போகிறோம், நீரும் வாருமேன்" என்றார். யாழ்ப்பாணத்திலிருந்த அம்மாவிடம் தொலைபேசியிற் சொன்னோம். சற்று நேரம் பேச்சில்லை. பின்னர், "போறது சரி, விபூதியை விடாதை" என்று மட்டும் சொன்னார்.

பொங்கலுக்கு மறுநாள் வான் புறப்பட்டது. ஹபறணை, பொலன்னறுவை, வெலிக்கந்தை, வாழைச்சேனை என வழியெங்கும் மழை. பதினொருவரிலே நெற்றியில் நீறு பூசியவர் நாம் ஒருவரே. முதல் நாட் காலை ஜெபத்தின்போது கடைசி வாங்கிலே ஒதுங்கியிருந்த எம்மிடம் குழுத் தலைவரான முதிய போதகர் வந்தார். "தம்பி, நெற்றி உம்முடையதாகவே இருக்கட்டும். கைகளை மாத்திரம் தாரும்" என்றார். அன்றே எமது அச்சம் பாதி அகன்றது.

எமக்கு வாய்த்த பணி கிணறு இறைத்தல். கரையோரக் கிணறுகள் யாவும் கடல்நீரும் சேறும் குப்பையுமாக நிறைந்து கிடந்தன. நீர்ப்பம்பியைப் பூட்டி இறைப்பதும், அடிச்சேற்றை வாளியால் அள்ளுவதும், குளோரின் தூள் இடுவதுமாக நாட்கள் கழிந்தன. மாலையிலே தங்கியிருந்த பள்ளி மண்டபத்துக் கரும்பலகையில் அன்று இறைத்த கிணறுகளின் எண்ணிக்கையைக் குறிப்போம். ஆறு, எட்டு, ஒன்பது! பலகையில் எண்ணை எழுதும் வேலையை நாமே விரும்பி ஏற்றிருந்தோம் என்பதையும் ஒளியாமற் சொல்லிவிட வேண்டும். எண் ஏற ஏற உள்ளத்திலே ஓர் இனிமை ஊறிற்று. அதனையே பக்தியென்று எண்ணினோம்.

நாவலடியிலே, வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் எஞ்சிய ஒரு வளவு. அதில் உடையாது நின்றது கிணறு ஒன்றுதான். அருகிலே தறப்பாள் கொட்டிலின் கீழ் ஒரு மூதாட்டி இருந்தார். அயலவர் அவரைப் பெத்தா என்று அழைத்தனர். நாமும் அவ்வாறே அழைத்தோம். முதல் நாள் பம்பியை இறக்கியபோதே, "மெல்ல இறையுங்க மனே, அடி மண்ணத் தொடாதீங்க. கீழ உப்புக் கிடக்கு" என்றார். பட்டதாரியாகிய எமக்கு அது முதியவர் பேச்சாகவே பட்டது. இறைத்தோம்; நீர் ஊறிற்று; நாவில் இட்டுப் பார்த்தால் உப்பு. நான்கு நாள் கழித்து மீண்டும் இறைத்தோம், உப்புக் கூடிற்று. மூன்றாம் முறை பம்பியை நெடுநேரம் ஓடவிட்டபோது, அடிமணல் சரிந்து உட்சுவரிலே வெடிப்பு விழுந்தது. ஊறிய நீர் கடல்நீராகவே இருந்தது.

மாசி மாதத்திலே நீர்வளம் கற்ற பொறியியலாளர் ஒருவர் எமது மண்டபத்துக்கு வந்து, மேலும் இறைக்க வேண்டாமென்று சொன்னார். காரணத்தையும் அதே கரும்பலகையில் வரைந்து காட்டினார். கடலோர மணலிலே மழைநீர் உவர்நீரின்மேல் மிதக்கின்றது, நன்னீர் இலேசானது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி ஆழத்துக்கு அது உவர்நீரை அமுக்கி வைத்திருக்கும். மேலேயுள்ளதை விரைந்து இறைத்துவிட்டால் அமுக்குவாரின்றி உவர்நீர் மேலெழும். மழை பெய்து நிலத்தைக் கழுவும்வரை பொறுத்திருப்பதே மருந்து. எம்மைப் போலவே கரையோரமெங்கும் தொண்டர் பலர் நல்லெண்ணத்தோடு இத்தவறைச் செய்திருந்தனர் என்றும் அவர் கூறினார். அது எமக்கு ஆறுதலாகவில்லை. பெத்தா இரண்டு வாக்கியத்திலே சொன்னதையல்லவா அவர் படம் வரைந்து விளக்கினார்!

அன்றிரவு போதகர் எழுந்து, பலகையிலிருந்த எண்களைத் தம் கையாலேயே அழித்தார். பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. மறுநாட் காலை எம்மைப் பார்த்து, "வாரும், போய்ச் சொல்லிவிட்டு வருவோம்" என்றார். கல்லடியைத் தாண்டி நடந்தோம். பேரலையிலே சாய்ந்த திருச்செந்தூர் முருகன் கோயிற் கோபுரம் மணலிற் புதைந்து சரிந்து நின்றது. போதகரும் அங்கே நின்று, நாம் கும்பிட்டு முடியும்வரை காத்திருந்தார்.

பெத்தாவிடம் நடந்ததைச் சொன்னோம். "நீங்க என்ன மனே செய்வீங்க? உப்பக் கடலெல்லோ கொண்டந்த. கிணத்தச் சும்மா உடுங்க. மாரி வரட்டும், மறுகா பாப்பம்" என்றார். பிறகு, "இரிங்க" என்று பாயைத் தட்டிப் போட்டார். அன்றுதான் அவருடைய மகளும் பேரனும் அந்த வளவிலிருந்தே அள்ளுண்டு போனார்கள் என்பதை அறிந்தோம். மூன்று முறை அந்த வளவுக்குட் போயிருந்தும், யாரை இழந்தீர்கள் என்று நாம் ஒருமுறையேனும் கேட்கவில்லை. எமக்கு வேண்டியிருந்தது கிணறு. அதுவும் பலகையில் எழுதுவதற்கு.

எஞ்சிய பத்து நாட்களும் தண்ணீர் வண்டியிலிருந்து குடங்களைச் சுமப்பதும், கொட்டில்களிலே இருந்து கதை கேட்பதுமாகவே கழிந்தன. குறித்து வைப்பதற்கு எதுவுமில்லை. ஒருநாள் மாலை வாவிக்கரையிலே போதகர் வில்லியம் ஓல்ட் என்னும் மிஷனரியின் கதையைச் சொன்னார். 1814இல் இலங்கைக்கு வந்த மெதடிஸ்த மிஷனரிமாருள் ஒருவர் அவர். மனைவியைக் கப்பற் பிரயாணத்திலேயே இழந்து, தனியராய் மட்டக்களப்புக்கு வந்தார். ஓராண்டு நிறையுமுன், 1815 ஏப்ரலிலே நோயுற்று இறந்தார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி அவர் காலத்திலே தொடங்கியது. "அந்த மனுஷன் எதை எண்ணியிருப்பார், தம்பி?" என்று கேட்ட போதகர் மறுமொழியை எதிர்பார்க்கவில்லை. கல்லடி உப்போடையிலே விபுலாநந்த அடிகளின் சமாதியடியிற் போயிருந்து நாம் அதே வினாவை எண்ணிப் பார்த்தோம். கிறிஸ்தவப் பள்ளிகளிலும் கற்று, இராமகிருஷ்ண சங்கத்திலே துறவு பூண்டவர் அடிகள். அங்கே அவ்வினா அந்நியமாகத் தோன்றவில்லை.

நாம் மதம் மாறவில்லை. மாறும்படி எவரும் கேட்கவுமில்லை. ஆனால், ஊர் திரும்பி நல்லூருக்குச் சென்றபோது ஒன்று நேர்ந்தது. பரீட்சைக்கு இத்தனை சுற்று, உத்தியோகத்துக்கு இத்தனை சுற்று என்று வீதியை எண்ணி வலம்வந்து பழகியவர் நாம். அன்று எத்தனை சுற்று வந்தோமென்பது மறந்துபோயிற்று. அம்மா கேட்டார், சொல்லத் தெரியவில்லை.

நாவலடி மக்களிற் பலர் பின்னர் திராய்மடுவிலே குடியேறினர். பெத்தா அங்கேதான் காலமானார் என்று கேள்விப்பட்டோம். சென்ற ஆண்டு எமது கல்லூரி மாணவர்களுடன் மட்டக்களப்புக்குச் சென்றபோது, தேடி அந்த வளவுக்குப் போனோம். அத்திவாரத்தைப் பற்றைகள் மூடியிருந்தன. கிணற்றின் வெடிப்பை யாரோ சீமெந்து பூசி அடைத்திருந்தார்கள். புதிய கயிறும் வாளியும் கிடந்தன. மாணவன் ஒருவன் அள்ளி, கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தான்.

"உப்பில்லை, சேர்" என்றான்.

மற்றவர்களும் குடிப்பதற்காக ஆழ அள்ள வாளியை வீசி இறக்கப் போனான். "மெல்ல, தம்பி, மேலாக அள்ளும்" என்றோம்.