உள்ளே சாவி, வெளியே நாம்

பழைய மோட்டார் வண்டி வைத்திருப்பவர்கள் தனிப் பிறவிகள். பெண்டு பிள்ளைகளைப் பற்றி நாம் ஏதாவது சொல்லிவிட்டால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். வண்டியைப் பற்றிச் சொல்லிவிட்டால் மறுநாள் முகங்கொடுத்துப் பேச மாட்டார்கள். நம் பள்ளிக்கூடத்துக் கணக்கு ஆசிரியர் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர். அவரிடம் இருப்பது 1968-ம் வருஷத்து அம்பாஸடர். தகப்பனார் வாங்கி வைத்துவிட்டுப் போன சொத்து.

அம்பாஸடரின் பூர்வோத்தரம் நேயர்கள் பலருக்குத் தெரிந்ததுதான். இங்கிலாந்தில் பிறந்த மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியைத் தழுவி, கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் 1957-ல் இதைச் செய்யத் தொடங்கினார்கள். பிறவியில் வெள்ளைக்காரனாயிருந்தாலும், மந்திரிமார்களையும் கலெக்டர்களையும் மாப்பிள்ளை அழைப்பு மாப்பிள்ளைகளையும் சுமந்து சுமந்து அது அசல் சுதேசியாகிவிட்டது. 2014-ம் வருஷம் மே மாதம் உத்தர்பாராவில் வேலை நின்றது. 2017-ல் 'அம்பாஸடர்' என்ற பெயரை ஒரு பிரெஞ்சுக் கம்பெனி 80 கோடி ரூபாய் கொடுத்து வாங்கிற்று. வெறும் பெயருக்கு இவ்வளவு விலை! ஆனால் பழைய வண்டி ஒன்றுக்கு ஒரு ஜன்னல் கண்ணாடி வேண்டுமென்றால் காயலான் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். இந்த விஷயத்தை வாசகர்கள் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இக்காலத்து வண்டிகளில் பெரும்பாலானவை, சாவியை உள்ளே விட்டுவிட்டு இறங்கினால் 'கீ கீ' என்று கத்தி எஜமானரை எச்சரிக்கின்றன. பழைய வண்டிகளோ வாய் திறவாத பத்தினிகள். உட்புறத்துக் குமிழை அமுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினால் போதும், பூட்டிக்கொண்டுவிடும். சிலவற்றில் வெளிக் கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு சாத்த வேண்டும். எப்படியானாலும், பூட்டுவதற்குச் சாவி தேவையில்லை, திறப்பதற்கு மட்டும் தேவை என்ற இந்த ஏற்பாட்டைச் செய்த புண்ணியவானை நாம் பார்த்ததில்லை. பூட்டின் வயிற்றுக்குள் வில் வைத்த மெல்லிய தகடுகள் சில இருக்கின்றன. சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய அளவில் நிறுத்தினால்தான் பூட்டுத் திரும்பும். வருஷக்கணக்கில் உபயோகித்த பூட்டில் தகடும் தேய்ந்து, சாவியும் தேய்ந்து, சில சமயம் ஊரான் வீட்டுச் சாவியும் திரும்பிவிடுவதுண்டு. தேவைப்படுகிற சமயத்தில் மட்டும் திரும்பாது.

சென்ற ஏப்ரல் மாதம் வருஷாந்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. காலை பதினொரு மணி இருக்கும். கணக்கு ஆசிரியர் திருத்திய விடைத்தாள் கட்டை ஆபீஸில் கொடுத்துவிட்டுப் போகலாமென்று வந்தார். பின்னாசனத்தில் மூன்று வயதுப் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். 'ஒரு நிமிஷந்தானே, எழுப்புவானேன்?' என்று எண்ணி, கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிக் கதவைச் சாத்தினார். ஐம்பது வருஷத்துப் பழக்கம். குமிழை அமுக்கியது அவரல்ல, அவருடைய கை. சாவி வண்டியிலேயே தொங்கிற்று. வேப்பமரத்து நிழல் காலையிலேயே நகர்ந்துவிட்டிருந்தது.

"ஸார், சாவி உள்ளே இருக்கிறது, குழந்தையும் உள்ளே இருக்கிறான்" என்று அவர் நம்மிடம் வந்து சொன்னபோது குரல் எழும்பவில்லை.

ஐந்தாறு ஆசிரியர்கள் கூடிவிட்டோம். படித்தவர்கள் ஐந்தாறு பேர் ஓரிடத்தில் கூடினால் கமிட்டியாகிவிடுமல்லவா? ரசாயன ஆசிரியர் தம்முடைய ஸ்கூட்டர் சாவியைப் போட்டுப் பார்த்தார். டிராயிங் மாஸ்டர் இரும்பு ஸ்கேலைக் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவில் செருகித் துழாவினார். முன்கதவுகளில் முக்கோணமாக ஒரு சிறு ஜன்னல் உண்டே, அதன் கொக்கியைக் கம்பியால் நெம்பலாம் என்றார் ஒருவர். வாஸ்தவத்தில் அது நல்ல யோசனை; சாவியை மட்டும் உள்ளே விட்டிருந்தால் சாவதானமாக உட்கார்ந்து செய்திருக்கலாம். வேறொருவர், வீட்டில் இருக்கும் மாற்றுச் சாவியைக் கொண்டுவர ஆள் அனுப்பலாம் என்றார். வீடு எட்டு கிலோமீட்டர்.

கண்ணாடியை உடைக்கலாம் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. எல்லோருக்கும் அது தோன்றியிருக்கும். ஆனால் அந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமை தோறும் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தக் கண்ணாடிகளைத் துடைப்பதை எல்லோரும் பார்த்திருந்தோம். அவருடைய பிரியம் எங்கள் கையையல்லவா கட்டிவிட்டது!

வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் பத்தே நிமிஷத்தில் உஷ்ணம் சுமார் 10 டிகிரி சென்டிகிரேட் ஏறிவிடும். ஒரு மணி நேரத்தில் ஏறக்கூடியதில் பெரும்பகுதி முதல் அரைமணியிலேயே ஏறிவிடுகிறது. ஜன்னலை இரண்டு விரற்கடை இறக்கி வைப்பதால் பெரிய பிரயோஜனமில்லை. சிறு குழந்தையின் உடம்போ பெரியவர்களின் உடம்பைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு வேகத்தில் சூடேறும். விஞ்ஞானம் கற்பிப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியும். பையன் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக அரும்பியிருந்தது; முகம் சிவந்திருந்தது; எவ்வளவு தட்டியும் கண் விழிக்கவில்லை. நாம் கடிகாரத்தைப் பார்த்தோம். ஏழு நிமிஷம் ஆகியிருந்தது. "ஸார், கண்ணாடி போனால் போகட்டும்" என்றோம்.

அவர் பதில் சொல்லவில்லை. விறுவிறுவென்று தாழ்வாரத்துக்குப் போய், பள்ளிக்கூட மணியடிக்கும் இரும்புச் சுத்தியலை எடுத்து வந்தார். குழந்தை படுத்திருந்த இடத்துக்குத் தூரமாயிருக்க வேண்டுமென்று முன்புறத்து இடது ஜன்னலைத் தேர்ந்தெடுத்தார். முதல் அடி கண்ணாடியின் நடு மத்தியில் விழுந்தது; சுத்தியல் எகிறிற்று. "மூலையில் அடியுங்கள்!" என்று கூவினோம். பக்கத்து ஜன்னல்களுக்குப் போடும் பதப்படுத்திய கண்ணாடி நடுவில் தாங்குமே தவிர, ஓரத்தில் தாங்காது. இரண்டாவது அடியில் அது பொலபொலவென்று அரிசி நொய்போல் உதிர்ந்தது. கையை விட்டுக் குமிழைத் தூக்கினார். பின்கதவைத் திறந்து பையனை வாரி எடுத்தார்.

அவன் கண் விழித்து அழ ஆரம்பித்தான். அந்த அழுகையைப் போன்ற சங்கீதத்தை நாம் எந்தக் கச்சேரியிலும் கேட்டதில்லை. ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து, விசிறி, மெதுவாகத் தண்ணீர் கொடுத்தோம். முன்னதாகவே 108-க்குச் சொல்லியிருந்ததால் ஆம்புலன்ஸ் வண்டியும் வந்தது. அதிலிருந்தவர்கள் பார்த்துவிட்டுப் பயமில்லை என்றார்கள். சுத்தியல் மோட்டார் வண்டிக்குள் கிடந்தபடியால் அன்று மணி அடிக்கக் காலதாமதமாயிற்று. பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு நிமிஷம் உபரியாகக் கிடைத்தது. அதைப்பற்றி யாரும் புகார் செய்யவில்லை.

இரண்டு மாதம் அந்த ஜன்னலில் அட்டையை ஒட்டிக்கொண்டு கணக்கு ஆசிரியர் வண்டி ஓட்டினார். கடைசியில் ஒரு காயலான் கடையில் கண்ணாடி அகப்பட்டது. மற்றவற்றைவிட இது சற்றுப் பச்சையாயிருக்கிறது. வேறு தேடலாமே என்று நாம் சொன்னதற்கு, வேண்டாமென்று விட்டார். நடைபாதைச் சாவிக்காரரிடம் மூன்று சாவி வெட்டச் சொன்னார். ஒன்று அவர் மணிபர்ஸில், ஒன்று மகள் வீட்டில், மற்றொன்று நம் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.