பனம்பழக் காலத்தில் தாழ்வுபாடு

மன்னார்த் தீவின் தென்கரையில், மன்னார் நகருக்கு மேற்கே சில கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது தாழ்வுபாடு. கரைவலை போடும் இடத்தைப் 'பாடு' என்று சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். கடலை நம்பிய குடும்பங்கள், கத்தோலிக்க ஆலயம், மணல் ஒழுங்கைகள், பனைகள், கரையேற்றிய வள்ளங்கள், வேலியில் காயும் வலைகள். இவைதான் ஊர். சுற்றுலாப் புத்தகங்களில் இதற்குப் பெரிய இடம் கிடைப்பதில்லை. ஆனாலும் 2015ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் எங்கள் குடும்பம் அங்கே கழித்த பத்து நாட்களை வாசகிகளாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள எனக்கு நெடுநாள் ஆசை.

தாழ்வுபாடு என் அம்மா பிறந்த ஊர். அம்மாவின் தம்பி அங்கேயே கடற்றொழில் செய்கிறார். என் அக்காவோ கிளிநொச்சிப் பக்கத்தில், மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் மூன்று பிள்ளைகளுடன் இருந்தார். அத்தான் 2009இல் மாத்தளன் பக்கத்தில் காணாமற் போனவர். மீளக் குடியேறிய நாளிலிருந்து அக்கா ஓர் இரவுகூட வீட்டைப் பூட்டிவிட்டு வெளியில் தங்கியதில்லை. "அவர் வாற நேரம் வீடு பூட்டிக் கிடந்தா?" இதுதான் அவருடைய ஒரே கேள்வி.

சமூகப் பணிக்குச் செல்லும் பல வீடுகளில் இதே கேள்வியை நான் கேட்டிருக்கிறேன். அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ், வியட்நாம் போரில் காணாமற்போன படையினரின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்து, இதைத் 'தெளிவற்ற இழப்பு' என்று அழைத்தார். இறந்தார் என்பதற்குச் சான்று இல்லை, இருக்கிறார் என்பதற்கும் செய்தி இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் துக்கத்துக்கும் முடிவில்லை, காத்திருப்புக்கும் முடிவில்லை. பெயர் தெரிந்திருந்தும் அக்காவுக்கு நான் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இருக்கவில்லை.

பதில் பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து வந்தது. "திறப்பை என்னட்டத் தா. அவர் வந்தா நான் கதவைத் திறந்து, தேத்தண்ணி ஊத்திக் குடுத்துட்டு, உனக்குப் போன் எடுக்கிறன். நீ வந்து சேருமட்டும் நான் அவரைப் போக விடமாட்டன்" என்றார். அக்கா சிரித்துவிட்டார். அடுத்த நாள் காலை பூநகரி வீதியால் மன்னாருக்குப் போகும் பஸ்ஸில் நாங்கள் ஆறு பேரும் ஏறினோம். தள்ளாடி தாண்டி, 2010இல் திறந்த புதிய பாலத்தில் பஸ் ஓடியபோது சின்னவன் இரண்டு பக்கத்து யன்னல்களுக்கும் மாறிமாறி ஓடி, கொண்டக்டரிடம் ஏச்சு வாங்கினான்.

ஓகஸ்ட் மாதம் தாழ்வுபாட்டில் சோளகக் காற்றின் காலம். தென்கடல் குழம்பிப் போய் இரைந்துகொண்டிருக்கும். பிள்ளைகள் கடலில் குளிக்கும் ஆசையோடு வந்தவர்கள். அலையைப் பார்த்ததும் முகம் தொங்கிவிட்டது. "இஞ்ச இப்ப கால் வைக்கேலாது. வடகடல் குளம் மாதிரிக் கிடக்கும், வாங்கோ" என்றார் மாமா. மாரியில் வாடைக்காற்று வீசும்போது நிலைமை தலைகீழாகிவிடும். அப்போது வடகடல் பொங்கும், தென்கடல் அமைதியாகும். தீவில் உள்ள தொழிலாளர் பலர் காற்றோடு கரை மாறுவது இதனால்தான்.

மாமா, மாமி, அவர்களின் மகன், நாங்கள் ஆறு பேர், ஒரு சோற்றுப் பானை, இத்தனையையும் ஒரே லான்ட்மாஸ்டர் பெட்டிக்குள் ஏற்றித் தீவைக் குறுக்கே கடந்தோம். குலுங்கிய குலுக்கலில் அம்மாவின் ஒரு செருப்பு எங்கேயோ விழுந்துவிட்டது. வடகரையில் தண்ணீர் இடுப்பளவுக்கு மேல் ஏறவில்லை. பத்து வயதான நடுவானுக்கு மாமா நீந்தப் பழக்கினார். மூத்தவள் தானாகவே பழகிக்கொண்டாள். திரும்பும் வழியில் செருப்பைக் கண்டெடுத்தோம், ஆனால் அதை ஒரு நாய் எங்களுக்கு முன்பே கண்டெடுத்திருந்தது.

அது பனம்பழக் காலமும்கூட. இரவில் காற்று அடிக்க அடிக்கத் தொப்பென்று பழம் விழும் சத்தம் கேட்கும். விடிவதற்கு முன் பிள்ளைகள் ரோர்ச் லைற்றோடு ஓடுவார்கள். அவர்களுக்குப் போட்டி அயல்வீட்டுப் பிள்ளைகள் மாத்திரமல்ல, மாடுகளும் கழுதைகளும்தான். மன்னார்க் கழுதைகளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அரபு வணிகர்கள் கொண்டுவந்தவற்றின் வழிவந்தவை என்று சொல்வார்கள். தெரு, சந்தை, பஸ் நிலையம் எல்லாம் அவற்றுக்குச் சொந்தம். பிற்பாடு 2017இல் கழுதைகளுக்கென்றே மன்னாரில் ஒரு மருத்துவ நிலையமும் தொடங்கினார்கள்.

மாமி பழங்களைப் பிசைந்து களி எடுத்து, பாயில் பரவி, வெயிலில் காயவைத்துப் பனாட்டுப் போட்டார். ஒரு படை காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு படை. மூன்றாம் நாள் மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த நேரம் ஒரு கழுதை வந்து பாயின் ஒரு மூலையை நக்கித் துடைத்துவிட்டது. மாமி தும்புத்தடியோடு பாய, அது ஆறுதலாக ஒழுங்கைக்குப் போய் நின்று திரும்பிப் பார்த்தது. "ருசி பாத்துச் சொல்லிப்போட்டுப் போகுது" என்றார் அக்கா. மிஞ்சிய களியில் பணியாரம் சுட்டோம். கொட்டைகளைக் கிழங்குக்காக வளவின் மூலையில் குவித்தோம்.

நாங்கள் சிரித்தது எல்லோருக்கும் பிடித்திருந்தது என்று சொல்லமாட்டேன். குழாயடியில் ஒருவர், "புருஷன்ர சேதி தெரியாத பொம்பிளை ஊர் சுத்துறா" என்று அக்காவின் காதில் விழும்படியே சொன்னார். அக்கா அன்று பின்னேரம் அறையைவிட்டு வெளியே வரவில்லை. மறுநாள் மாமி அதே குழாயடிக்குப் போய், "பிள்ளையளுக்குச் சின்ன வயசு ஒருக்காத்தான் வரும், சேதி வருமட்டும் அது காத்துக்கொண்டு நிக்குமோ?" என்று கேட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன்பின் அந்தப் பேச்சு எழவில்லை.

அந்த வாரமே கோச்சியில் தலைமன்னார் போனோம். 1914இலிருந்து அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடி, போர் தொடங்கியதோடு அதுவும் நின்றது. 1990இல் மன்னாருக்கான புகையிரதமும் நின்றது. 2015 மார்ச்சில்தான் தலைமன்னாருக்குத் திரும்ப ஓடத் தொடங்கியது. பிள்ளைகள் மூவருக்கும் அதுவே முதற் பயணம். அம்மாவுக்கோ இருபத்தைந்து வருடங்களுக்குப் பின் வந்த பயணம். யன்னல் கம்பியைப் பிடித்தபடி பேசாலை வரைக்கும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு பேசாமல் இருக்கவே இல்லை!

இடிந்துபோன பழைய இறங்குதுறையின் பக்கத்தில் நின்று கடலைப் பார்த்தோம். "இந்தியா ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர்தான்" என்றேன். ஏழு வயதுச் சின்னவன் தகப்பனைக் கண்ட ஞாபகமே இல்லாதவன். "அப்பா அந்தப் பக்கமோ?" என்று கேட்டான். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா குனிந்து அவனுடைய தலையைத் தடவி, "தெரியாது மோனை. தெரிஞ்சா முதல்ல உனக்குத்தான் சொல்லுவன்" என்றார். அவன் தலையாட்டிவிட்டுச் சிப்பி பொறுக்கப் போய்விட்டான். பொய் சொல்லாமலும் நம்பிக்கையை உடைக்காமலும் ஒரு பிள்ளைக்கு எப்படிப் பதில் சொல்வது என்று நாங்கள் பயிற்சிப் பட்டறைகளில் மணிக்கணக்காகப் பேசுவோம். அக்கா இரண்டே வசனத்தில் சொல்லி முடித்தார்.

கடைசிக்கு முதல்நாள் பள்ளிமுனைப் பெருக்கமரம் பார்க்கப் போனோம். அடிமரத்தின் சுற்றளவு 19.5 மீற்றர். கைகோர்த்து அளப்போம் என்று எட்டுப் பேர் மரத்தைச் சுற்றி நின்றோம். அம்மா வெளியே நின்று எண்ணினார். வட்டம் நிறையவில்லை. புத்தளத்திலிருந்து வந்திருந்த ஒரு முஸ்லிம் குடும்பம் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரைவிட்டுப் போன குடும்பம். சொந்த ஊரைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வந்திருந்தார்கள். அவர்களும் வந்து கைகோர்த்தார்கள். கடைசிக் கை வந்து சேர்ந்தபோது வட்டம் முடிந்தது. அந்த வீட்டு உம்மாவும் எங்கள் அம்மாவும் நிழலில் இருந்து பணியாரம் பங்கிட்டார்கள். இருவரும் ஒரே காலத்தில் மன்னார்ச் சந்தையில் மீன் வாங்கியவர்கள் என்பது அப்போதுதான் தெரியவந்தது.

இந்தப் பத்து நாளும் அக்கா பின்னேரங்களில் பக்கத்து வீட்டுக்குப் போன் எடுத்தார். முதல் மூன்று நாளும் "ஆரும் வந்தவையோ?" என்பதுதான் முதற் கேள்வி. ஐந்தாம் நாள், "சிவப்புக் கோழி அடைகிடக்குதோ?" என்று தொடங்கினார். எட்டாம் நாள் அவருக்குப் போனின் நினைவே வரவில்லை. அங்கிருந்துதான் அழைப்பு வந்தது. அக்கா அத்தானை மறந்துவிட்டார் என்று இதற்குப் பொருள் அல்ல. காத்திருக்கிற வேலையை இன்னொருத்தி கொஞ்ச நாள் பகிர்ந்துகொண்டாள், அவ்வளவுதான்.

இன்று தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறந்த முப்பது காற்றாலைகள் சுழல்கின்றன. சின்னவன் உயரத்தில் எங்களைத் தாண்டிவிட்டான். அத்தானைப் பற்றிய செய்தி இன்னும் இல்லை.

சகோதரிகளே, உல்லாசப் பயணம் என்றதும் பணத்தைத்தான் முதலில் நினைக்கிறோம். எங்களுக்கு ஆன செலவு பஸ்ஸுக்கும் கோச்சிக்கும் மாத்திரமே. பலருக்குப் பணத்தைவிடப் பெரிய தடை வீட்டைவிட்டு வெளிக்கிட முடியாத மனம். அதற்கு ஒரு நல்ல அயலவள் போதும். அடுத்த வருடம் மடு மாதாவின் ஓகஸ்ட் 15ஆம் திகதித் திருவிழாவுக்குப் பக்கத்து வீட்டு அக்கா போனபோது, அவருடைய வீட்டுத் திறப்பு என் அக்காவின் கையில் இருந்தது. அவருடைய மகனும் காணாமற் போனவர்தான். இப்போதும் அந்த இரண்டு வீடுகளும் விடுமுறைக்கு விடுமுறை திறப்பை மாற்றிக்கொள்கின்றன.