ரெண்டு மூட்டை போட்டா ரெண்டு மடங்கா?

"ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா போட்டா இவ்வளவு நெல்லுன்னா, ரெண்டு போட்டா எவ்வளவு?" டவுன் நண்பர்கள் மட்டுமில்லை, புதுசாகக் குத்தகைக்கு எடுத்த பசங்களும் இப்படித்தான் கேட்கிறார்கள். பேப்பரில் கோடு போட்டால் நேராகத்தான் போகும். வயலில் அப்படிப் போவதில்லை.

45 கிலோ மூட்டையில் தழைச்சத்து சுமார் 20 கிலோ. பசியில் இருக்கும் பயிருக்கு முதல் மூட்டை நன்றாகவே வேலை செய்யும். அடுத்தடுத்த மூட்டைக்கு அதே அளவு விளைச்சல் கூடாது. கோடு வளைந்து, படுத்து, ஒரு இடத்தில் கீழே திரும்பிவிடும். கோடு வளைந்து படுக்கும் பகுதியை ஜெர்மனியின் மிட்ஷெர்லிக் 1909-லேயே கணக்காக எழுதிவிட்டார். எங்க பெரியப்பா, "பந்தியில மூணாவது தடவை வைக்கிற சோறு இலையிலதான் கிடக்கும்" என்பார். அது பாதிதான் சரி. இலையில் கிடக்கிற சோறு யாரையும் கெடுக்காது. மிஞ்சின யூரியா கெடுக்கும். பயிர் கரும்பச்சையாக மதர்த்து நிற்கும், பார்க்க அழகுதான். புகையானும் குலைநோயும் அதைத் தேடித்தான் வரும். கதிர் பிடித்தபின் ஒரு மழை அடித்தால் சாய்ந்துவிடும். மண்ணில் துத்தநாகம் பத்தாவிட்டால் கோடு இன்னும் சீக்கிரமே படுத்துவிடும்.

எனக்கு ஆச்சரியமானது வயல் தண்ணீர்தான். யூரியா கரைந்து அம்மோனியமாக மாறும். அதில் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகிக் காற்றோடு போகும். தண்ணீரின் பிஎச் 8 என்றால் வாயு வடிவில் இருப்பது சுமார் 5 சதவீதம். 9 ஆனால் 36. ஒரே ஒரு எண் கூடியதற்கு ஏழு மடங்கு! நட்ட புதிதில் பயிர் சின்னது, தண்ணீர் மேல் வெயில் நேரே விழும். பாசி அந்த வெயிலில் தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்ள, மத்தியானத்தில் பிஎச் 9-ஐத் தொடும். ராத்திரி திரும்ப இறங்கும். பயிர் மூடியபின் நிழல் விழுவதால் பாசியும் குறைவு, இழப்பும் குறைவு. அதே மூட்டை, அதே வயல், நாள்தான் வேறு. இதை எந்த நேர்கோட்டில் வைப்பது? தண்ணீரை வடித்துவிட்டு மேலுரம் போட்டு, பிறகு பாய்ச்சச் சொல்வது இதனால்தான். சத்து மண்ணுக்குள் இறங்கிவிடும்.

சித்தப்பா மகன் நகையை அடகு வைத்துச் சாகுபடி செய்கிறான். "அண்ணே, இன்னொரு மூட்டை போட்டுறட்டுமா?" என்றான். இலை வண்ண அட்டையைக் கையில் கொடுத்தேன். வெள்ளைப் பொன்னிக்கு 3-தான் அளவு. பத்துச் செடியில் ஆறுக்காவது அதற்குக் கீழே இருந்தால்தான் உரம். குனிந்து குனிந்து எண்ணிவிட்டு வந்தான். "நாலுதான்ணே."

மூட்டை கொட்டாயிலேயே கிடக்கிறது. அடுத்த வாரம் மறுபடி எண்ணச் சொல்லியிருக்கிறேன்.