தேடி வந்த கடை

பொருளைத் தேடி மனிதன் போவதும் உண்டு. மனிதனைத் தேடிப் பொருள் வருவதும் உண்டு. இடையில் கிடக்கும் தொலைவை யார் கடப்பது என்பது வணிகத்தின் மிகப் பழைய வினா. பொருளியல் நூல் எதனையும் கற்று நாம் இவ்வினாவை அறிந்தோமில்லை. எம் துணைவியாரின் முழங்கால் வலியே இதனை எமக்குக் கற்பித்தது.

2025ஆம் ஆண்டுக் கோடையில், இலண்டன் மாநகரில் பணிபுரியும் எம் மகளின் இல்லத்தில் நாமும் துணைவியாரும் சில வாரங்கள் தங்கியிருந்தோம். இல்லம் என்பது இரண்டு சிற்றறைகள். அங்குச் சாளரத்தின் அருகே ஒரு நாற்காலி கிடந்தது. அம்மா வருவார் என்பதற்காகவே, தோழி ஒருத்தியின் மகிழுந்தில் நகருக்கு வெளியேயிருந்த ஒரு பெருங்கடைக்குச் சென்று, கண்ணளவாக மதிப்பிட்டு மகள் வாங்கி வைத்தது அது. அன்பில் குறைவில்லை, உயரத்தில்தான் குறைவு. அதில் அமர்ந்தால் எழுவதற்கு ஒருவர் கைகொடுக்க வேண்டும். துணைவியார் அதனை வாய்விட்டுச் சொல்லாமல், கட்டிலின் விளிம்பிலேயே அமர்ந்து நாள்களைக் கழித்தார். ஒரு வாரம் சென்றபின் மகள் அதனைக் கண்டுகொண்டாள்.

"நீங்களே வந்து உட்கார்ந்து பார்த்து ஒன்றை எடுங்கள், அம்மா" என்றாள்.

"அவ்வளவு தூரம் என்னால் ஆகாது, அங்கே போக வண்டி வேண்டுமே" என்றார் துணைவியார்.

"வண்டி வேண்டாம். இப்போது கடையே ஊருக்குள் வந்துவிட்டது."

அவள் குறிப்பிட்டது ஐகியா என்னும் நிறுவனம் ஆக்ஸ்ஃபோர்டு வீதியில் திறந்திருந்த கடையை. சுவீடன் நாட்டில் 1943ஆம் ஆண்டு, இங்வார் காம்ப்ராட் என்பார் தம் 17ஆம் வயதில் தொடங்கிய நிறுவனம் அது. 1956ஆம் ஆண்டளவில் மேசையின் கால்களைக் கழற்றித் தட்டையான பெட்டியில் அடுக்கி விற்கும் முறையை அவர்கள் கைக்கொண்டனர். 1958இல் எல்ம்ஹுல்ட் என்னும் சிற்றூரில் முதற் கடை எழுந்தது. 1965இல் ஸ்டாக்ஹோம் நகரின் புறத்தே மாபெரும் கடையொன்று தோன்றியது. ஊருக்கு வெளியே நிலம் மலிவு. வண்டி நிறுத்த இடமும் தாராளம். வாங்குவோர் தாமே வந்து, பெட்டியைத் தாமே சுமந்து, வீட்டில் தாமே பூட்டிக்கொள்வர். ஆதலின் விலையும் குறைவு. உண்மையை நோக்கின், விலையில் ஒரு பங்கினை அவர்கள் தம் தோளாலும் காலாலும் செலுத்தினர் எனலாம். வண்டியில்லாதாரும் முதியோரும் அப்பங்கினைச் செலுத்த இயலாது வாயிலுக்கு அப்பாலேயே நின்றனர்.

எம் இளமையில் பாய் விற்பவர் பாய்களைச் சுருட்டித் தலையில் வைத்து வீதி வீதியாக வருவார். எம் தாயார் திண்ணையில் அவற்றை விரிக்கச் செய்து, கையால் தடவிப் பார்த்தே விலை பேசுவார். அங்கே சுமை விற்பவருடையது. தேர்வு எம் தாயாருடையது.

பெருங்கடை ஊருக்குள் வருவதும் எளிதன்று. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகர நடுவில் 2007ஆம் ஆண்டு இந்நிறுவனம் ஏழு அடுக்குகளில் ஒரு கடையைத் திறந்தது. அடுக்கடுக்கான அமைப்பால் நடத்தும் செலவு மிகுந்தது. வாங்குவோர் பழக்கமும் மாறியது. 2020இல் அது மூடப்பட்டது. பெரிய உருவத்தை மாற்றாமல் சிறிய நிலத்தில் நிறுத்த முயன்றதன் விளைவு அது என்று எமக்குத் தோன்றுகின்றது. வியன்னாவில் 2021ஆம் ஆண்டு, மேற்குத் தொடர்வண்டி நிலையத்தின் அருகே திறந்த கடையிலோ மகிழுந்து நிறுத்த இடமே இல்லை. நடந்தும் தொடர்வண்டியிலும் வருவோரை எண்ணியே அதனைக் கட்டினர். கையில் எடுத்துச் செல்லத்தக்கதை வருவோர் எடுத்துச் செல்வர்; பெரும்பொருளைக் கடையே வீடு சேர்க்கும்.

ஆக்ஸ்ஃபோர்டு வீதிக் கடை 2025ஆம் ஆண்டு மே முதல் நாள் திறக்கப்பெற்றது. முன்னர் டாப்ஷாப் என்னும் புகழ்பெற்ற ஆடையகம் இருந்த கட்டடம் அது. அவ்வாடையகத்தை நடத்திய குழுமம் 2020இல் நொடித்துப்போயிற்று. ஒரு கடை வீழ்ந்த இடத்தில் மற்றொரு கடை எழுந்துள்ளது என்பதையும் நாம் மறத்தலாகாது.

தாழ்தளப் பேருந்தில் சென்று இறங்கினோம். சிறிது தூரமே நடை. மூன்று தளங்களில் ஏறத்தாழ 6,000 பொருள்களைக் காட்சிக்கு வைத்திருந்தனர்; உடனே எடுத்துச் செல்லத்தக்கவை ஏறத்தாழ 3,500 என்றனர். துணைவியார் ஒவ்வொரு நாற்காலியாக அமர்ந்தார், எழுந்தார். நான்கினைத் தள்ளினார். ஐந்தாவதில் அமர்ந்து, கைப்பிடியை ஊன்றி, எவர் துணையுமின்றி எழுந்தார். மீண்டும் ஒருமுறை அமர்ந்து எழுந்தார். "இதுதான்" என்றார். அயல்நாட்டிற்கு வந்தபின் அவர் தமக்கென்று தாமே தேர்ந்தெடுத்த முதற்பொருள் அதுவே என்பது அப்போதுதான் எமக்கு உறைத்தது. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு விலைச்சீட்டைப் படிப்பவள் போல் நின்றாள்.

ஆயினும் நாற்காலியை அன்றே கொண்டுவர இயலவில்லை. அது வண்டியில் வந்து சேர வேண்டிய பொருள். மகளுக்கு விடுமுறை சனிக்கிழமை. எமக்கு விமானம் வெள்ளிக்கிழமை. கடை அருகில் வந்ததே தவிர, கிடங்கு இன்னும் தொலைவில்தான் இருக்கின்றது. அருகில் வருகின்றவர் தம்மைச் சுருக்கிக்கொண்டே வருகின்றனர். சுருங்கியதால் நேர்ந்த காத்திருப்பை யாரேனும் ஒருவர் ஏற்கத்தான் வேண்டும். எனினும், பிறர் கண்ணளவில் வாங்கித் தந்ததில் அமர்வதைவிடத் தாமே தேர்ந்ததற்காகக் காத்திருப்பது துணைவியாருக்கு இனிதாகவே இருந்தது.

ஊர் திரும்பிய மறுவாரம் மகள் ஒரு படம் அனுப்பினாள். சாளரத்தருகே அந்நாற்காலி, அதன்மேல் அவளுடைய கைப்பை. கீழே ஒரு வரி: "அம்மா, நீங்கள் வரும்வரை இது உட்கார்ந்திருக்கும்."

துணைவியார் அப்படத்தை நெடுநேரம் நோக்கியிருந்தார். பின்னர், அடுத்த கோடைக்கு இன்னும் எத்தனை மாதங்கள் என்று எம்மை வினவினார்.