பில்லியர்ட்ஸ் சுண்ணத்தில் பிறந்த நீலம்

வேலைக்காகச் சிங்கப்பூர் வரும் தமிழர்களுக்கு சாங்கி என்றால் விமான நிலையம். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும், தோற்ற படைவீரர்களை ஆயிரக்கணக்கில் அடைத்துவைத்த இடம் அது என்பது பலருக்குத் தாமதமாகத்தான் தெரியவருகிறது.

பசியும் நோயும் தின்றுகொண்டிருந்த அந்த முகாமில், கைதிகள் கும்பிட இடம் அமைத்துக்கொண்டார்கள். அத்தாப்பு ஓலைக் கூரை, கிடைத்த மரம், காற்று புகுந்து போகத் திறந்த பக்கங்கள். எரிக் கார்டிங்லி என்ற படைப் பாதிரியாருக்குக் கிடைத்தது, இந்தியச் சிப்பாய்கள் தொழுதுவந்த சின்னப் பள்ளிவாசல். ஆலயமாக மாறிய அதன் பீடத்துக்கு ஹாரி ஸ்டாக்டன் என்ற வீரர் பீரங்கிக் குண்டின் பித்தளை உறையில் சிலுவை செய்தார். கொல்ல வார்த்த உலோகம்! 1943-இல் கார்டிங்லியோடு அது, ஜப்பானியர் கைதிகளைக் கொண்டு போட்ட சயாம் ரயில் பாதையின் முகாமுக்கும் போய்த் திரும்பியது. மலாயாவின் பால்மரத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் கூட்டங்கூட்டமாக மடிந்ததும் அந்தப் பாதையில்தான். சாங்கி அருங்காட்சியகத்தில் அச்சிலுவையைப் பார்க்கும் தமிழர் அவர்களை நினைக்காமல் நகரக்கூடாது.

ஸ்டான்லி வாரன் என்ற இன்னொரு கைதியின் கதை இன்னும் உருக்கமானது. சீதபேதியும் சிறுநீரகக் கோளாறும் அவரை முகாம் மருத்துவமனையில் கிடத்தியிருந்தன. அங்கிருந்த புனித லூக்கா சிற்றாலயத்தின் சுவர்களில் ஓவியம் தீட்டச் சம்மதித்தார். சாயத்துக்கு எங்கே போவது? மற்றக் கைதிகள் ஆபத்தைப் பாராமல் தேடிக் கொடுத்தார்கள்: ராணுவ உருமறைப்புக்கான பழுப்புச் சாயம், கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் சிவப்பு. நீலம் மட்டும் இல்லை. பில்லியர்ட்ஸ் கோலின் நுனியில் தேய்க்கும் நீலச் சுண்ணக்கட்டிகளைப் பொடித்துக் குழைத்தார்கள்.

சில நிமிடம் தீட்டினால் நீண்ட ஓய்வு. 1942 கிறிஸ்துமஸுக்குள் முதல் ஓவியம் முடிந்தது, மொத்தம் ஐந்து. கிறிஸ்து பிறப்பில் பல இனத்தவரின் முகங்களை வைத்தார். சிலுவைக் காட்சியில், தம்மை அறைகிறவர்களுக்காக மன்னிப்பு கேட்கும் இயேசுவைத் தீட்டினார். காவலுக்கு நின்ற பகைவனையும் வேண்டுதலுக்குள் சேர்த்துக்கொண்ட அந்த மனமே இந்தச் சுவர்களின் மகத்துவம்.

பின்னர் ஓவியங்கள் வெள்ளைப் பூச்சுக்குள் மறைந்தன. 1958-இல் பிரிட்டிஷ் விமானப்படையினர் கண்டெடுத்தபோது, வாரன் லண்டனில் ஓவிய ஆசிரியர். அந்த நாட்களை மறக்கப் பாடுபட்டவர், திரும்பி வர வெகுவாகத் தயங்கினார். ஆனாலும் 1963, 1982, 1988 என மூன்று முறை வந்து சீர்செய்தார். புனித லூக்காவின் ஓவியத்தில் மட்டும் கீழ்ப்பகுதி இல்லை. பக்கத்து அறைக்கு வாசல் வைப்பதற்காக யாரோ அந்தச் சுவரை இடித்துவிட்டிருந்தார்கள்.