வெளுத்ததெல்லாம் பாலல்ல

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடு ஒன்றில் வசிக்கும் நான்காம் படிவ மாணவி ஒருத்தி, ‘பென்சில் கள்ளி’ என்று விற்கப்பட்ட செடியை வாங்கி வந்தாள். வீட்டில் பூனை இருப்பதால், முள்ளில்லாத செடியாகப் பார்த்து எடுத்திருந்தாள். பென்சில் பருமனில் பச்சைத் தண்டுகள் கொண்ட அச்செடி பார்க்க அழகாக இருந்தது.

கிள்ளானிலிருந்து வந்திருந்த பாட்டி அதைக் கண்டதும் திடுக்கிட்டார்.

“இது திருகுகள்ளி அல்லவா? இதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. பூனை இருக்கும் வீட்டில் வைக்கலாமா, அம்மா?”

“கள்ளிச்செடி பூனைக்கு நஞ்சில்லை என்று படித்தேனே, பாட்டி. இதில் முள்கூட இல்லையே!”

இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. குழப்பத்திற்குக் காரணம் பெயர்தான்.

தமிழில் ‘கள்ளி’ என்னும் சொல் இரு வேறு தாவரக் குடும்பங்களைக் குறிக்கிறது. கக்டஸ் குடும்பம் அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டது. சப்பாத்திக்கள்ளியும் டிராகன் பழக் கொடியும் அதைச் சேர்ந்தவை. மற்றொன்று, தண்டை ஒடித்தால் வெண்ணிறப் பால் வடியும் யுஃபோர்பியா இனம். சங்கப் பாடல்களின் பாலை நிலத்தில் வளரும் கள்ளி இந்த இரண்டாம் வகையே. திருகுகள்ளிக்கு 1753-இல் அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ், மலபார்க் கரையில் வழங்கிய ‘திருக்கள்ளி’ என்ற பெயரையே அதற்கு வைத்தார்.

வீட்டில் வளர்க்கும் கக்டஸ் செடிகள் பொதுவாகப் பூனைக்கு நஞ்சல்ல. ஆயினும், அவற்றின் முள் பாதத்திலும் வாயிலும் குத்திப் புண்ணாக்கும். யுஃபோர்பியாவின் பாலோ வாயையும் வயிற்றையும் எரிக்கும், எச்சில் ஒழுகும், வாந்தி வரும், கண்ணில் பட்டால் கடும் அழற்சி உண்டாகும். பூனை தன் உடலை நாவால் நக்கித் தூய்மை செய்யும் விலங்கு. ஆகவே, உரோமத்தில் ஒட்டிய பாலும் வாய்க்குள் சென்றுவிடும்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. கக்டஸ் முட்கள், பஞ்சுபோன்ற சிறு புள்ளிகளிலிருந்து கொத்தாகக் கிளம்பும். யுஃபோர்பியாவில் அத்தகைய புள்ளிகள் இரா. ஐயம் இருந்தால், வாங்கும் முன்பே செடியின் அறிவியல் பெயரைக் கேட்டறிவது நல்லது. சோதிப்பதற்காகத் தண்டை வெறுங்கையால் ஒடிக்கக் கூடாது.

பூனையின் கண்ணில் பால் பட்டுவிட்டால், தூய நீரால் நன்கு கழுவ வேண்டும். உடலில் பட்ட பாலைப் பூனை நக்கும் முன்பே கழுவிவிட வேண்டும். பின்னர்த் தாமதிக்காமல் விலங்கு மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். செடியின் படத்தையும் உடன் எடுத்துச் சென்றால், சிகிச்சை அளிப்பது எளிதாகும்.

நல்லவேளையாக, அவர்கள் வீட்டுப் பூனை அச்செடியைத் தீண்டவில்லை. பாட்டி கையுறை அணிந்து, செடியைத் தொட்டியோடு கிள்ளானுக்கு எடுத்துச் சென்றார். பிள்ளைகளோ விலங்குகளோ அணுகாத வேலியோரத்தில் அதை நட்டார். அந்த வாரமே மாணவி வேறொரு செடியைத் தேடிப் பிடித்தாள். அது கிறிஸ்துமஸ் கள்ளி. கக்டஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. குத்தும் முள்ளோ எரிக்கும் பாலோ இல்லாதது.

முள் தன் ஆபத்தை வெளியே காட்டி எச்சரிக்கிறது. பாலோ தண்டுக்குள் மறைந்திருக்கிறது. வாய் பேச இயலாத உயிரை வளர்ப்பவர், செடியின் பெயரையும் தோற்றத்தையும் மட்டும் நம்பிவிடலாகாது. வெளுத்ததெல்லாம் பாலல்ல என்று முன்னோர் சொன்னது கள்ளிக்கும் பொருந்தும்.