கெட்டித்தது நான்

என் மகளை இடது பக்கமிருந்து கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது. வீட்டில் எல்லோரும் பழகிவிட்டோம். சாப்பிட உட்காரும்போது யாராவது ஒருவர் அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்துகொள்வோம். வருடா வருடம் ஜூன் மாதம் பள்ளிக்கூடத்துக்குப் போய், இடது காது சுவர்ப்பக்கம் வரும்படி அவளை முன்வரிசையில் உட்கார வைக்கச் சொல்வது என் வேலை. "சின்ன வயசுல திருவிழா வேட்டுச் சத்தத்துல காது போயிருச்சு டீச்சர்" என்பேன். ஆறு வருடமாக இதையேதான் சொல்லிவந்தேன். அது பொய்.

எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது. ஒற்றைக் குழல், வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய ரகம். அழகர்மலை அடிவாரத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம். கடலை போட்டால் காய் பிடிக்கிற சமயம் பார்த்துப் பன்றி இறங்கும். ஒரு கூட்டம் ஓர் இரவு புகுந்தால் உழுது போட்ட மாதிரி ஆக்கிவிட்டுப் போய்விடும். அதற்காக அப்பா பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் வாங்கியிருந்தார். அவர் இறந்ததும் முறைப்படி விண்ணப்பித்து என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன்.

காகித விஷயத்தில் என்னைக் குறை சொல்ல முடியாது. லைசென்ஸ் புத்தகம், பணம் கட்டிய சலான்கள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் நிலப் பத்திரத்தோடு வைத்துப் பூட்டியிருந்தேன். தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஊரில் முதல் ஆளாகக் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கிவிடுவேன். 2011, 2014, 2016, 2019. நான்கு ரசீதும் இன்றைக்கும் இருக்கின்றன. துப்பாக்கியோ கூடத்துச் சுவரில் இரண்டு ஆணியில் தொங்கியது. ஆயுத பூஜையன்று அரிவாள், மண்வெட்டியோடு அதையும் இறக்கித் துடைத்து வரிசையில் வைப்போம். சந்தனமும் குங்குமமும் வைப்பது பிள்ளைகள் வேலை. தொடாதே என்று நாங்கள் யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. தொட்டுக் கும்பிடச் சொல்லித்தான் பழக்கியிருந்தோம்.

இப்போது யோசித்தால் ஒன்று உறைக்கிறது. அந்தத் துப்பாக்கி பூட்டுக்குள் இருந்ததெல்லாம் தேர்தலுக்குத் தேர்தல் வந்த அந்த இரண்டு மாதங்கள்தான். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் சுட்டுவிடக் கூடாதே என்று அரசாங்கம் கேட்டது, கொடுத்தோம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று நானாக ஒரு நாள்கூட அதைப் பூட்டி வைத்ததில்லை.

2019 நாடாளுமன்றத் தேர்தல் மதுரைக்காரர்களுக்கு மறக்காது. ஏப்ரல் 18, மீனாட்சி தேரோட்டத்தன்று வாக்குப்பதிவு. அதனால் எங்கள் தொகுதிக்கு மட்டும் இரவு எட்டு மணி வரை நேரம் கொடுத்தார்கள். மறுநாள் அழகர் ஆற்றில் இறங்கினார். திருவிழாவுக்கு வந்த தங்கச்சி, பத்து வயது மகனை லீவுக்கு எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். என் மகளுக்கு அப்போது ஆறு. நாள் முழுக்க அவன் பின்னாலேயே திரிவாள். மே 23-ல் முடிவு வந்தது. அடுத்த வாரமே ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுத் துப்பாக்கியை வாங்கி வந்தேன். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் சில நாள் இருந்தது. அந்தச் சில நாள் அது ஸ்டேஷனிலேயே கிடந்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

அன்றைக்குப் பொழுது சாயும்போது கெட்டித்தேன். காட்டுப்பன்றியைச் சுட்டால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு என்பதால் ரவை போடவில்லை. சத்தம் போட்டு விரட்டத்தான். குழலுக்குள் மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை உருட்டிப் போட்டு, கம்பியால் இறுக்கினேன். விடிய விடியக் காவல் இருந்தும் பன்றி வரவில்லை. துப்பாக்கி வெடிக்காமலே வீட்டுக்கு வந்தது.

தோட்டாப் போடுகிற துப்பாக்கி என்றால் மடக்கித் தோட்டாவை உருவிவிடலாம். இதில் அது முடியாது. வாய்வழி இறுக்கியது வெளியே வர வேண்டுமென்றால் ஒன்று வெடிக்க வேண்டும், இல்லையென்றால் முனையில் திருகு வைத்த கம்பியை விட்டு நாரைக் குத்தி இழுத்து, குழலைக் கவிழ்த்து மருந்தைத் தட்ட வேண்டும். ராத்திரி முழுக்க விழித்தவனுக்கு அதற்குப் பொறுமை இருக்காது. அடுத்த ராத்திரியும் வேண்டும்தானே என்று அப்படியே விட்டுவிடுவோம். குதிரை தட்டியதும் மருந்தைப் பற்றவைப்பது வெளியே செருகியிருக்கும் கேப்புதான். "கேப்பை எடுத்துட்டா அது வெறும் கட்டைடா" என்பார் அப்பா. அதை நம்பியே வளர்ந்தேன். கேப்பை எடுத்து மூக்குப்பொடி டப்பாவில் போட்டேன். டப்பாவை ஜன்னல் திண்டில் வைத்தேன். ஆணியில் மாட்டக்கூட அலுப்பாக இருந்ததால் துப்பாக்கியைக் கதவு மூலையில் சாத்திவிட்டுப் படுத்தேன்.

கேப்பு பிள்ளைகளுக்குத் தெரியாத பொருளா? தீபாவளிக்கு நாமே பொம்மைத் துப்பாக்கியும் கேப்புச் சுருளும் வாங்கிக் கொடுக்கிறோம். மூலையில் நின்ற துப்பாக்கியும் தங்கச்சி மகனுக்கு அதே விளையாட்டுத்தான், கொஞ்சம் பெரிசு. டப்பாவிலிருந்து கேப்பை எடுத்துச் செருகி, தரையில் உட்கார்ந்து, கட்டையைத் தொடைகளுக்கு நடுவே வைத்து, இரண்டு பெருவிரலாலும் குதிரையை இழுத்திருக்கிறான். என்ன செய்கிறான் என்று பார்க்க என் மகள் பக்கத்தில் குனிந்திருக்கிறாள்.

சத்தத்தில் எழுந்தேன். கூடம் முழுக்கப் புகை, அழுகிய முட்டை நாற்றம். ஓட்டிலிருந்து தூசி இறங்கிக்கொண்டிருந்தது. தரையில் கிடந்த தேங்காய் நார் ஓரத்தில் சிவப்பாகக் கனன்றது. மகள் அழவில்லை. இடது காதைப் பொத்திக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றாள். தாடைக்குக் கீழே கழுத்து வரைக்கும் மிளகைத் தட்டித் தூவியது போல் கரும்புள்ளிகள். பையன் சுவரோடு ஒட்டி நின்றான். அவன் கால்சட்டை நனைந்திருந்தது.

நான் முதலில் பிள்ளையைத் தூக்கவில்லை. துப்பாக்கியைத் தூக்கினேன். கொல்லைப்பக்கம் ஓடி வைக்கோல் படப்புக்குள் சொருகினேன். திரும்பி வரும்போது என் மனைவி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே கதையைத் தயார் செய்துவிட்டேன். வைகாசித் திருவிழாச் சமயம், கோயில் வேட்டு. டாக்டர் புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்தார். "வேட்டா?" என்று இரண்டாம் முறை கேட்டார். "ஆமா சார்" என்றேன். எழுதிக்கொண்டார். உள்ளே பதிந்த மருந்தில் கொஞ்சம் எடுத்தார்கள், கொஞ்சம் தோலோடு தங்கிவிட்டது. இன்றைக்கும் சடை பின்னும்போது அவள் அம்மாவின் விரல் அந்த இடத்தில் ஒரு கணம் நிற்கும். காது திரும்பவில்லை.

இதைவிடக் கேவலமானதைச் செய்தது அன்று இரவு. பையனைக் கொல்லைக்குக் கூட்டிப்போய்த் தோளைப் பிடித்தேன். அழுத்தித்தான் பிடித்தேன். "யார் கேட்டாலும் வேட்டுன்னு சொல்லணும். நீ செஞ்ச வேலைக்கு மாமா ஜெயிலுக்குப் போகணும், தெரியுமா?" என்றேன். தலையை ஆட்டினான். அதற்குப் பிறகு ஒரு லீவுக்கும் அவன் எங்கள் வீட்டில் தங்கவில்லை. வந்தாலும் திண்ணையோடு சரி. தீபாவளிக்குப் பட்டாசைத் தொடுவதில்லை. "பெரிய மனுசனாயிட்டான்ணே" என்று தங்கச்சி சிரிப்பாள். நானும் கூடச் சிரித்தேன்.

அவன் செய்த வேலையா அது? இருபத்தோரு வயதுக்குக் குறைந்தவர் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது என்கிறது ஆயுதச் சட்டத்தின் ஒன்பதாவது பிரிவு. பாதுகாப்பாக வைத்துக்கொள்வேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். சட்டத்தை விடுங்கள். கெட்டித்தது நான். மூலையில் சாத்தியது நான். டப்பாவைப் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் வைத்தது நான். அவன் செய்தது விளையாட்டு. அந்தப் பாரத்தைப் பத்து வயதுத் தோளில் ஏற்றிவிட்டு நான் கைவீசி நடந்தேன்.

அதற்குப் பிறகாவது துப்பாக்கியை ஒப்படைத்தேனா என்றால் இல்லை. 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு வழக்கம்போல் கொடுத்தேன், ரசீது வாங்கினேன், முடிவு வந்ததும் திரும்ப எடுத்து வந்தேன். ஐந்தாவது ரசீது. இந்த முறை பரணில் போட்டேன். அதோடு திருந்திவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடக் கடைசியில், டிசம்பர் 30-ம் தேதி, புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை. துப்பாக்கி சுடும் தளத்தில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து தப்பி வந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த பதினோரு வயதுப் பையனின் தலையில் பாய்ந்தது. ஜனவரி 3-ம் தேதி தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இறந்தான். தளத்துக்கும் குடியிருப்புக்கும் இடையில் என்ன தடுப்பு இருந்தது, எப்படி அனுமதித்தார்கள் என்று ஊரே கேட்டது. சரியான கேள்வி. பேப்பரை மடித்து வைத்த பிறகும் அது என்னை விடவில்லை. என் வீட்டில் துப்பாக்கிக்கும் பிள்ளைக்கும் நடுவே என்ன இருந்தது? ஒரு கதவு மூலை. அதை யாரும் கேட்காதபடி பார்த்துக்கொண்டவன் நான்.

அடுத்த மாதம் விண்ணப்பம் கொடுத்து, துப்பாக்கியையும் லைசென்ஸையும் ஒப்படைத்தேன். காரணம் என்ற இடத்தில் 'விவசாயம் குறைந்துவிட்டதால்' என்று எழுதினேன். அங்கேயும் உண்மை எழுதக் கை வரவில்லை.

2024-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு தாய்க்கும் தகப்பனுக்கும் பத்து முதல் பதினைந்து வருடம் வரை சிறைத்தண்டனை கொடுத்தார்கள். ஆக்ஸ்போர்டு என்ற ஊரில் அவர்களுடைய பதினைந்து வயது மகன் பள்ளிக்கூடத்தில் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்ற வழக்கு. துப்பாக்கியை அவன் கைக்கு எட்டும்படி விட்டது பெற்றவர்கள் குற்றம் என்று ஜூரி சொன்னது. அமெரிக்காவில் 2020 முதல் குழந்தைகளும் பதின்வயதினரும் சாவதற்கு முதல் காரணமே துப்பாக்கிதான். நம் ஊர் அப்படி இல்லை. இங்கே லைசென்ஸ் வாங்குவதே பெரும்பாடு, ஊருக்கு நாலைந்து இருந்தால் அதிகம். ஆனால் அடிபடுகிற பிள்ளைக்கு ஊரில் எத்தனை துப்பாக்கி இருந்தது என்பதா கணக்கு? அந்தச் செய்தியை வாசித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன வருடம் முழுப் பரீட்சை முடிந்ததும் மதுரைக்குப் போய்த் தங்கச்சி வீட்டு மொட்டை மாடியில் அவள் மகனை உட்கார வைத்துப் பேசினேன். மீசை அரும்பிவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். தவறு உன்னுடையது இல்லை, என்னுடையது, மன்னித்துவிடு என்றேன். வெகுநேரம் தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "உள்ள மருந்து இருக்குன்னு எனக்குத் தெரியாது மாமா" என்றான். ஆறு வருடத்தில் அந்தக் கேள்வியை அவனிடம் நான் கேட்டதே இல்லை. தெரியாது என்று ஒரு தடவை சொல்லக்கூட அவனுக்கு ஆள் இல்லாமல் போயிருக்கிறது. மகளிடமும் தங்கச்சியிடமும் மறுநாள் சொன்னேன். தங்கச்சி இன்னும் என்னோடு பேசவில்லை. பேச வேண்டும் என்று கேட்க எனக்கு முகமில்லை.

அதற்குப் பிறகுதான் என் பொய்யின் இன்னொரு பக்கம் தெரிந்தது. எங்கள் ஊரில் இன்னும் மூன்று வீட்டில் இதே ரகத் துப்பாக்கி இருக்கிறது. காட்டைவிட்டு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியை வனத்துறையே சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசாணை வந்தும், எங்களைப் போல் மலையை ஒட்டி இருப்பவர்களுக்கு அது உதவாது. ராக்காவல் தொடர்கிறது. அன்றைக்கே நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மூன்று வீட்டிலும் அன்று சாயங்காலமே துப்பாக்கி சுவரிலிருந்து இறங்கியிருக்கும். வேட்டு என்று சொன்னதால் திருவிழாவில் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். துப்பாக்கி அது பாட்டுக்கு ஆணியில் தொங்கியது.

மூன்று வீட்டுக்கும் போனேன். கடைசி வீட்டுப் பெரியவர் அப்பாவின் சேக்காளி. திண்ணையில் பேரன் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொல்லி, மருந்தை இறக்காமல் துப்பாக்கியை வாசல்படி தாண்டிக் கொண்டுவராதீர்கள், துப்பாக்கியை ஒரு பூட்டிலும் மருந்தையும் கேப்பையும் இன்னொரு பூட்டிலும் வையுங்கள், சாவி உங்கள் அரைஞாணில் இருக்கட்டும் என்றேன். பேரனையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"கேப்பை எடுத்துட்டா வெறும் கட்டைன்னுதானய்யா உங்க அப்பன் சொல்லுவான்?"

"எங்க அப்பா சொன்னது தப்புங்கய்யா."

அவர் எழுந்து உள்ளே போனார். சுவரிலிருந்து இறக்குகிற சத்தம் கேட்டது.